மஞ்சள் குடைக்குத் தப்பி ஓடிய நாள்

பாலத்தின் நடுவில் நின்று திரும்பிப் பார்த்தேன். மஞ்சள் குடை வந்துகொண்டுதான் இருந்தது.

மழை இல்லை. வெயிலும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஆனாலும் அந்தப் பெண் குடையை விரித்து, கூட்டத்தின் தலைகளுக்கு மேலே உயர்த்திப் பிடித்தபடி என்னை நோக்கி வந்தாள். நடுநடுவே கையை ஆட்டி ஏதோ சொல்லிக் கூப்பிட்டாள். பாலம் நிறைய ஆட்கள் இருக்கும்போது என்னை மட்டும் ஏன் விடாமல் துரத்துகிறாள் என்று எரிச்சலாக வந்தது. நடையை எட்டிப் போட்டேன்.

இந்தத் தொடரில் சென்ற வாரம், நான் பிராக் விமான நிலையத்தில் இறங்கி, இரண்டு ஸ்வெட்டரை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு மாணவர் விடுதிக்கு வந்து சேர்ந்ததோடு நிறுத்தியிருந்தேன். இது அதற்கு மறுநாள். ராமேஸ்வரம் பக்கத்து அக்காள்மடத்திலிருந்து புள்ளியியல் படிக்கப் போன ஒருத்தி, ஐரோப்பாவில் ஊர் சுற்றிப் பார்த்த முதல் நாள்.

இந்த நாளைப் பற்றி எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் கடிகாரம், கல்பாலம், அன்னப்பறவை என்று அழகான பகுதிகளை மட்டும் சொல்லிவிட்டு, நான் ஓடிய ஓட்டத்தை நைசாக விட்டுவிடுவேன். இன்றைக்கு அதைத்தான் சொல்லப்போகிறேன்.

கூப்பிடுகிறவரின் மகள்

ஒரு குடைக்காரியைக் கண்டு நான் ஏன் அப்படி ஓடினேன் என்று சொல்வதற்கு முன்னால் என் அய்யாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கம் அப்பாவை அய்யா என்றுதான் கூப்பிடுவோம்.

அய்யாவுக்கு ராமேஸ்வரத்தில் கைடு வேலை. காலையில் முதல் பஸ்சில் போய் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொள்வார். வடக்கேயிருந்து வருகிற யாத்திரைக்காரர்கள் படியில் கால் வைக்கும்போதே ஆரம்பித்துவிடுவார். "கஹாங் ஸே ஆயே, மாதாஜி?" எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள் என்பதுதான் அவருடைய தொழிலின் முதல் கேள்வி. இந்தி, தெலுங்கு, மராத்தி, வங்காளி என்று அதை நாலு பாஷையில் கேட்பார். அந்த நாலில் ஒன்றிலும் அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

பதில் வந்துவிட்டால் போதும். தங்க ரூம், கோயில் தீர்த்தங்கள், தரிசனம், தனுஷ்கோடி என்று அன்றைய பொழுது முழுக்க அவர்களோடு அலைவார். பதில் வராவிட்டாலும் விடமாட்டார். கூடவே முப்பது நாற்பது அடி கூப்பிட்டுக்கொண்டே நடப்பார். அய்யாவின் குரல் கணீரென்று இருக்கும். பஸ் ஸ்டாண்டின் இந்த மூலையில் கூப்பிட்டால் அந்த மூலையில் தூங்குகிறவர் எழுந்து உட்காருவார்.

வந்தவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. கைடுகளிடமிருந்து தப்பிக்க அவர்கள் செய்யும் வித்தைகளைப் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தினமும் பார்த்திருக்கிறேன். சிலர் முகத்தைப் பார்க்கவே மாட்டார்கள். சிலர் வராத போனைக் காதில் வைத்துக்கொள்வார்கள். சிலர் வருஷா வருஷம் வருகிறவர்களைப் போலக் கையை வீசி நடப்பார்கள், ஆனால் கோயிலுக்கு எதிர்த் திசையில். விவரமானவர்கள் நேராகப் போய் போலீஸ்காரர் பக்கத்தில் நின்றுகொள்வார்கள்.

எனக்கு அந்த யாத்திரைக்காரர்கள்மேல் கோபம் வந்ததில்லை. அய்யாமேல்தான் வந்தது. இப்படி முன்பின் தெரியாதவர்கள் பின்னால் போக வேண்டுமா என்று இருக்கும். தோழிகளோடு வரும்போது அந்தக் கணீர்க் குரல் கேட்டால் பக்கத்துச் சந்தில் புகுந்துவிடுவேன். வெளிநாட்டுப் படிப்புக்கான உதவித்தொகைப் படிவத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'சுயதொழில்' என்று எழுதினேன். எழுதியதை அய்யா வாசித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். "சரியாத்தான் போட்டிருக்க தாயி," என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ்சுக்குப் போனார்.

அம்மாவின் சுருக்குப்பை

பிராக்கில் அன்று காலை எனக்கு வேறு வேலை இல்லை. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வெளிநாட்டவர் அலுவலகத்தில் போய்ப் பதிவு செய்ய வேண்டும். அந்த நாளில் பதிவு ஆகாவிட்டால் உதவித்தொகை ரத்து என்று கடிதத்திலேயே தடித்த எழுத்தில் போட்டிருந்தது. ஆகவே பாஸ்போர்ட், அதில் ஒட்டிய விசா, உதவித்தொகைக் கடிதத்தின் அசல் மூன்றும்தான் அப்போது என் உயிர்.

அந்த உயிரை அம்மா தைத்துக் கொடுத்த சுருக்குப்பையில் போட்டுக் கழுத்தில் மாட்டியிருந்தேன். அவளுடைய ரவிக்கைத் துணியில் மிஞ்சியதில் தைத்தது. பச்சை நிறம், அதில் மஞ்சள் புள்ளி. மணிக்கு ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொள் என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். அய்யா சொன்னது வேறு. "ரூம்ல வச்சிட்டுப் போகாத. அதைக் கழுத்துல போட்டுக்கிட்டுத் தண்ணியிலயும் எறங்காத."

அய்யாவுக்குத் தண்ணீர் பயம் அவருடைய தொழிலில் வந்தது. கோயில் தீர்த்தங்களில் வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக்கொண்டு வெளியே வந்த பிறகு, இடுப்பு மடியில் ரயில் டிக்கெட் கூழாகிக் கிடப்பதைப் பார்த்து அழுதவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார்.

டிராமில் ஏறி ஊரின் பழைய சதுக்கத்துக்குப் பக்கத்தில் இறங்கி நடந்தேன். கல் பாவிய தெரு. காபி வாசனை, குதிரைச் சாண வாசனை, எங்கேயோ ரொட்டி சுடும் வாசனை. சதுக்கத்தில் ஒரு பெரிய பழங்காலக் கடிகாரம் இருந்தது. மணி அடிக்கும்போது அதன் மேலே இரண்டு ஜன்னல் திறந்து பொம்மைகள் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் என்று படித்திருந்தேன். அதைப் பார்க்க ஒரு பெருங்கூட்டம் கழுத்தை அண்ணாந்துகொண்டு நின்றது.

நானும் நின்றேன். மணி அடித்தது. எல்லாரும் மேலே பார்க்க, நான் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பையனின் பை திறந்து கிடக்கிறது. அந்த அம்மாளுக்குப் புதுச் செருப்பு கடிக்கிறது, இன்னும் அரை மணியில் உட்கார இடம் தேடுவாள். அந்தக் குடும்பம் சாப்பாட்டு நேரத்தில் சண்டை போடும். நான் பிறந்து வளர்ந்த ஊருக்கு நாலு திசையிலிருந்தும் ஆட்கள் பார்க்க வருவார்கள். அந்த ஊரில் நான் ஒருநாளும் வந்தவளாக இருந்ததில்லை. பார்க்க வந்தவர்களைப் பார்க்கத்தான் எனக்குத் தெரியும். ஜன்னல் மூடிய பிறகுதான் கடிகாரம் ஞாபகம் வந்தது. அடுத்த மணிக்காக இன்னொரு தடவை நின்றேன்.

அந்தக் காத்திருப்பில்தான் குடைகளைக் கவனித்தேன். சிவப்புக் குடை, பச்சைக் குடை, மஞ்சள் குடை. ஒவ்வொரு குடைக்கும் பின்னால் ஒரு கூட்டம். குடை பிடித்தவர்கள் போகிற வருகிறவர்களைச் சிரித்துச் சிரித்துக் கூப்பிட்டார்கள். நம் ஊர்க் கைடுகள் இங்கேயும் இருக்கிறார்களே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த கையோடு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சரளைக்குள் ஒரு குழி

சதுக்கத்திலிருந்து நடந்து, ஆற்றின்மேல் இருந்த கல்பாலத்தைக் கடந்து அக்கரைக்குப் போனேன். பாம்பன் பாலத்தில் நின்று கடலைப் பார்த்தே பழகிய கண்ணுக்கு அந்த ஆறு பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் கரை அழகாக இருந்தது. ஓரிடத்தில் தண்ணீர் வரைக்கும் இறங்கிப் போகச் சரிவு இருந்தது. சரிவின் அடியில் சரளைக்கல். அதில் அன்னப்பறவைகள், ஒவ்வொன்றும் ஆட்டுக்குட்டி கனம், யாராவது தின்னக் கொடுப்பார்களா என்று நின்றிருந்தன.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம். புதிதாக ஒரு தண்ணீரைப் பார்த்தால் இறங்கிக் கால் நனைத்து, மூன்று கை அள்ளித் தலையில் தெளித்துக்கொள்ளாமல் வரமாட்டோம். ஷூவையும் சாக்ஸையும் கழற்றினேன். கழுத்தில் பை. அய்யா சொன்னது ஞாபகம் வந்தது.

பையைத் திறந்த வெளியில் வைக்க மனம் வரவில்லை. நான் என்ன செய்தேன் என்றால், எங்கள் கடற்கரையில் தனியாகக் குளிக்க வருகிறவர்கள் என்ன செய்வார்களோ அதைச் செய்தேன். அவர்கள் கரையில் கையளவு குழி பறிப்பார்கள். சாவி, சில்லறை, போன் எல்லாவற்றையும் துணியில் சுற்றி அதில் வைத்து மணலைத் தள்ளி மூடிவிடுவார்கள். மேலே செருப்பை வைப்பார்கள். செருப்புதான் அடையாளம். இந்த முறையில் எதுவும் களவு போய் நான் கேள்விப்பட்டதில்லை.

சரளையை விலக்கிக் குழி பறித்தேன். சுருக்குப்பையை வைத்து மூடினேன். மேலே ஷூ இரண்டையும் ஜோடியாக வைத்தேன். தண்ணீரில் இறங்கினேன். எலும்புக்குள் குளிர் ஏறியது. ராமநாதசாமி என்று வாய்விட்டுச் சொல்லி மூன்று கை தெளித்துக்கொண்டேன். மனசு நிறைந்திருந்தது. இவ்வளவு தூரம் வந்துவிட்டேன் என்று அப்போதுதான் முதன்முதலாக நம்பினேன்.

கரைக்கு ஏறியபோது மஞ்சள் குடை சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது. பின்னால் பதினைந்து பதினாறு பேர். குடை பிடித்தவளுக்கு என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். நீலக் கோட்டு, உச்சியில் முடிந்த கொண்டை. கூட்டத்தை மேலேயே நிற்கச் சொல்லிவிட்டு நேராக என்னிடம் வந்தாள். சிரித்தாள். ஆங்கிலத்தில் கேட்டாள்.

"எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள்?"

அவ்வளவுதான். எனக்கா தெரியாது அந்தக் கேள்வி? பதில் சொன்னால் பொழுது முழுக்க அவள் பின்னால் போக வேண்டியதுதான். சாக்ஸைக் கோட்டுப் பையில் திணித்தேன். ஈரக் காலை ஷூவுக்குள் நுழைத்தேன். அவள் முகத்தைப் பார்க்காமல் விறுவிறுவென்று சரிவில் ஏறினேன்.

செருப்புதான் அடையாளம் என்று சொன்னேன் அல்லவா? அடையாளத்தைக் காலில் மாட்டிக்கொண்டு போய்விட்டேன்.

எல்லா வித்தையும்

பாலத்தில் பாதி தூரம் போனபோதுதான் அவள் பின்னால் வருவது தெரிந்தது. அங்கேதான் இந்த அத்தியாயத்தைத் தொடங்கினேன்.

ராமேஸ்வரம் பஸ் ஸ்டாண்டில் வருஷக்கணக்காகக் கற்ற வித்தை எல்லாவற்றையும் வரிசையாக இறக்கினேன். முதலில் முகம் பார்க்கவில்லை. பிறகு போனைக் காதில் வைத்து அம்மாவிடம் பேசுவதுபோலத் தமிழில் சத்தமாகப் பேசினேன். பிறகு ஒரு ஜப்பானியக் குடும்பத்துக்குள் புகுந்து அவர்களோடு நடந்தேன். ஒரு சிலைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். குடை அங்கேயும் வந்தது. ஒருமுறை திரும்பி, கையை இப்படியும் அப்படியும் ஆட்டி, வேண்டாம் என்றேன். அவள் இன்னும் பலமாகக் கையை ஆட்டினாள். இந்த ஊர்க் கைடுகள் அய்யாவையே தோற்கடித்துவிடுவார்கள் போலிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

பாலம் முடிந்ததும் டிராம் நிறுத்தம். ஒரு டிராம் கதவைத் திறந்து நின்றது. எங்கே போகிறது என்றுகூடப் பார்க்காமல் ஏறிவிட்டேன். கதவு மூடியது.

ஜன்னலில் தட்டும் சத்தம். அவள்தான். குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கியிருந்தாள். முகம் சிவந்து மூச்சு வாங்கியது. ஒரு கையை விரித்துக் கண்ணாடியில் வைத்திருந்தாள். இன்னொரு கையில் எதையோ தூக்கிக் காட்டினாள். நோட்டீஸாக இருக்கும் என்று நான் மறுபக்கம் திரும்பிக்கொண்டேன். டிராம் கிளம்பியது. ஜெயித்த திருப்தியோடு ஓர் இருக்கையில் உட்கார்ந்தேன்.

மூன்று நிறுத்தம் போயிருக்கும். அம்மா சொன்னது நினைவுக்கு வர, கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன்.

கயிறு இல்லை. பை இல்லை. குழி ஞாபகம் வந்தது. காலில் கிடந்த ஷூவைப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான், அவள் தூக்கிக் காட்டியது பச்சை நிறமாக இருந்தது என்பது புத்திக்கு ஏறியது. பச்சையில் மஞ்சள் புள்ளி.

ஒரு பை மணல்

டிராம் அடுத்த நிறுத்தத்துக்குப் போவதற்குள் எனக்கு நினைவு வந்தது பாஸ்போர்ட் அல்ல. கண்ணாடியில் விரிந்த அந்தக் கைதான். அதே மாதிரி ஒரு கையை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன்.

அப்போது ஒன்பதாவதோ பத்தாவதோ படித்தேன். காசிக்கும் ராமேஸ்வரத்துக்கும் சேர்த்து யாத்திரை வருகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எங்கள் கடலில் குளித்து, கடல் மணலைக் கொஞ்சம் அள்ளிக்கொண்டு போவார்கள். அதை வடக்கே கொண்டுபோய்க் கங்கையில் கரைத்தால்தான் யாத்திரை முடிந்ததாகக் கணக்கு. அப்படி வந்த ஒரு மராத்திக் குடும்பம் தாங்கள் அள்ளிய மணலைத் துணிப்பையோடு டீக்கடைப் பெஞ்சில் விட்டுவிட்டு வேனில் ஏறிக் கிளம்பிவிட்டது.

அய்யா பையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார். வேன் பஸ் ஸ்டாண்டு வளைவில் மெதுவானபோது எட்டிப் பிடித்து, ஜன்னல் கண்ணாடியில் கையை விரித்து வைத்துத் தட்டினார். உள்ளே இருந்த அம்மாள் பார்த்தாள். கைடு மறுபடி வந்துவிட்டான் என்று வேண்டாம், வேண்டாம் என்று கையை ஆட்டினாள். யாரோ கண்ணாடியை முழுக்க ஏற்றினார்கள். அய்யா அப்படியும் விடாமல், வேனோடு சேர்ந்து கூப்பிட்டுக்கொண்டே ஓடினார். கடைத்தெருவே பார்த்துச் சிரித்தது.

நான் பழக்கடைக்குப் பின்னால் நின்றேன். புத்தகப் பையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன்.

பிறகு யாருடைய பைக்கிலோ தொற்றிக்கொண்டு போய், பாம்பன் பாலத்துக்கு முன்னால் வண்டிகள் தேங்கி நிற்கும் இடத்தில் வேனைப் பிடித்து மணலைக் கொடுத்துவிட்டு வந்தாராம். ராத்திரி சாப்பிடும்போது அம்மாவிடம் அதைச் சந்தோஷமாகச் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை. ராமேஸ்வரத்தில் மணலுக்கா பஞ்சம், வேண்டுமென்றால் அவர்களே வந்து இன்னொரு பை அள்ளிக்கொண்டு போகிறார்கள் என்று வெடுக்கென்று சொன்னேன்.

"அள்ளலாம்," என்றார் அய்யா. "ஆனா இது அந்தம்மா முட்டி வலியோட குனிஞ்சு அள்ளுன மண்ணு. அவுகளுக்கு அதுதான வேணும்."

நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டேன்.

தொலைத்த இடம்

டிராமிலிருந்து குதிக்காத குறையாக இறங்கி, வந்த வழியே ஆற்றை ஒட்டி ஓடினேன். அவள் யாரென்று தெரியாது. பெயர் தெரியாது. ஊரில் மஞ்சள் குடை அவளிடம் மட்டுமா இருக்கும்? அவள் அந்தப் பையைப் போலீசில் கொடுத்தாளா, கோபத்தில் அங்கேயே போட்டுவிட்டுப் போனாளா? கொடுத்திருந்தால்கூட நாளைக் காலை ஒன்பது மணிக்குள் அது என் கைக்கு வருமா? வராவிட்டால் என்ன ஆகும் என்று தடித்த எழுத்தில் படித்தது கண் முன்னால் வந்து நின்றது. ஓடிக்கொண்டே அழுதேன்.

டிராம் நிறுத்தத்தில் அவள் இல்லை. பாலத்தில் இல்லை. எங்கே போவதென்று தெரியாமல் நின்றபோது, அய்யா எப்போதோ சொன்னது கை கொடுத்தது. பஸ் ஸ்டாண்டில் யாராவது எதையாவது தவறவிட்டுப் போய், துரத்தியும் பிடிக்க முடியாவிட்டால் அவர் அலையமாட்டார். அதே பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வார். தொலைச்சவுக தொலைச்ச எடத்துக்குத்தான் வருவாக, அங்கன இருந்தாப் போதும் என்பார்.

ஆற்றங்கரைக்கு ஓடினேன். சரிவின் மேலே நின்று பார்த்தேன்.

நான் குழி பறித்த அதே இடத்தில் மஞ்சள் குடை விரிந்து நின்றது. காம்பைச் சரளைக்குள் ஊன்றி, சாயாமலிருக்கச் சுற்றிலும் கல் அடுக்கியிருந்தாள். பக்கத்தில் அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய கூட்டம் கரையின் சுவர்மேல் வரிசையாக உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தது. அம்மாவின் சுருக்குப்பை அவளுடைய நீலக் கோட்டின் மேல், கழுத்தில் தொங்கியது.

நான் கிட்டே போனதும் எழுந்து, பையைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினாள். உடனே போகவிடவில்லை. திறந்து எல்லாம் இருக்கிறதா என்று தன் கண் முன்னால் பார்க்கச் சொன்னாள். அய்யாவும் அப்படித்தான். தொலைந்ததைத் திருப்பிக் கொடுத்தால், அவர்கள் பிரித்துப் பார்க்காமல் நகரவிடமாட்டார். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். மூன்றும் இருந்தன. நன்றி என்ற சொல்லை அன்றைக்கு எத்தனை தடவை சொன்னேன் என்று எனக்குத் தெரியாது.

அவள் பெயர் லென்கா. நான் சரளையில் எதையோ புதைப்பதை மேலிருந்தே பார்த்தாளாம். ஏதோ பிரார்த்தனை என்று நினைத்து, எந்த ஊர் வழக்கம் என்று தெரிந்துகொள்ளத்தான் வந்து கேட்டாளாம். நான் போன பிறகு ஓர் அன்னப்பறவை சரளையைக் கொத்தி, சுருக்குக் கயிற்றைப் பிடித்து இழுத்திருக்கிறது. எடுத்துப் பார்த்தால் பாஸ்போர்ட்.

உன்னைத் தவறாக நினைத்துவிட்டேன், மன்னித்துக்கொள் என்றேன். அவள் தோளைக் குலுக்கினாள். குடையைக் கண்டால் முகத்தைத் திருப்பாத ஆள் இந்த ஊரில் இல்லை, பழகிவிட்டது என்றாள்.

"ஆனால் போனைத் தலைகீழாக வைத்துக்கொண்டு பேசியது நீ ஒருத்திதான்," என்றாள்.

அழுதுகொண்டே சிரித்தேன். அவள் தன் கேள்வியை மறுபடி கேட்டாள். எந்த ஊர்? இந்த முறை சொன்னேன். தீவு, கோயில், வருகிற யாத்திரைக்காரர்கள் என்று எல்லாம் சொன்னேன். வீட்டில் என்ன வேலை செய்கிறார்கள் என்று கேட்டாள்.

"என் அப்பாவும் கைடுதான்," என்றேன். "உன் வேலைதான் அவருக்கும்."

பிறந்ததிலிருந்து அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆங்கிலத்தில் சொன்னதால் சுலபமாக வந்ததோ என்னவோ. லென்கா முகமெல்லாம் மலர்ந்து கூட்டத்தைப் பார்த்து அதை உரக்கச் சொன்னாள். அவருக்கும் குடை உண்டா என்று ஒருவர் கேட்டார். குடை தேவையில்லை, அவருடைய குரலே போதும் என்றேன்.

பிறகு அவள் என்னை விடவில்லை. மீதிச் சுற்றுக்குக் கூட்டத்தோடு வரச் சொன்னாள். அன்று சாயங்காலம் வரை நான் மஞ்சள் குடைக்குப் பின்னால் கடைசி ஆளாக நடந்தேன். அவள் சிலைகளைப் பற்றியும் அரசர்களைப் பற்றியும் சொன்னது ஒன்றுகூட எனக்கு நினைவில்லை. நாலு எட்டுக்கு ஒருமுறை திரும்பி, உதட்டை அசைத்துத் தலைகளை எண்ணிக்கொண்டே போனாள். என்னையும் சேர்த்துத்தான் எண்ணினாள்.

கூட்டம் நின்றதா?

விடுதிக்கு வந்து வீட்டுக்குப் போன் போட்டேன். அங்கே அவர்கள் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். அம்மா, பை பத்திரமா என்று கேட்டாள். போனை அய்யாவிடம் கொடுக்கச் சொல்லி, நடந்தது முழுவதையும் அவரிடம் சொன்னேன். குழி பறித்ததைச் சொன்னேன். செருப்பை மாட்டிக்கொண்டு போனதைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு.

"அந்தப் பிள்ளை கூட்டத்தை விட்டுட்டுல்ல ஒம்பின்னால ஓடியாந்திருக்கு. அவுக நின்னாங்களா?"

"நின்னாங்க அய்யா. அத்தனை பேரும் அங்கனயே உக்காந்திருந்தாங்க."

"நல்ல சனம்," என்றார். பிறகு சிரிப்பது கேட்டது. "எனக்கு அன்னைக்கு நிக்கல தாயி. அந்த மண்ணுப் பையைக் குடுத்துட்டு வாறேன், ஒருத்தரையும் காணோம். ஆந்திராக்காரக, பத்துப் பேரு. வேற ஆளோட போயிட்டாக."

இத்தனை வருஷத்தில் அவர் அதை அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. அன்று ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டு மணலைக் கொடுத்த கதையைச் சொன்ன முகம்தான் எனக்கு ஞாபகம் இருந்தது. அந்த முகத்தில் பத்துப் பேர் போன தடமே இல்லை.

சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"நான் அன்னைக்குப் பாத்தேன் அய்யா. பழக்கடைக்குப் பின்னாடிதான் நின்னேன்."

"தெரியும்," என்றார். "பையை வச்சு மொகத்தை மறைச்சுக்கிட்டு நின்ன. அதான் கூப்பிடாமப் போனேன்."

ஊருக்கு வருகிற அத்தனை பேரையும் கூப்பிட்டுக் கூப்பிட்டே என்னை வளர்த்தவர், அன்றைக்கு என்னை மட்டும் கூப்பிடாமல் போயிருக்கிறார். அதற்கு நன்றி சொல்லப் போனில் எனக்கு வாய் வரவில்லை. நாளைக்கு நேரத்தோடு ஆபீசுக்குப் போகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

தமிழ் அவருக்கு நன்றாக வாசிக்க வரும். இந்தத் தொடரை வாராவாரம் பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில் நின்றபடியே படித்துவிடுகிறார் என்று கேள்வி. அதனால் அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நன்றி அய்யா.